மல்யுத்த ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அய்யா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. அதில் ஒருமுறைதான் தேவையான எண்ணிக்கை சேர்ந்தது. சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றி மிட்டாய் வழங்கினோம். ஆயுத பூஜைக்குக் கர்லாக்கட்டைகளுக்குப் பொட்டு வைத்துப் படையல் போட்டோம். பொங்கலன்று சிறுவர்களுக்கு ஓட்டப் பந்தயம் நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் ஐப்பசியில் காலமானார். சங்கத்தின் சார்பில் மாலை வைத்து வந்தோம்.

இனி நம் கோதா, அதாவது குஸ்தி போடும் மண் களம் பற்றி. போன ஆண்டுக் கூட்டத்தில் இதற்கு எதிராகப் பேசியவர்கள் இருக்கிறார்கள். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலையின் பின்பக்கத்தை அதன் உரிமையாளர் நமக்கு வாடகை வாங்காமல் கொடுத்திருக்கிறார். அங்கே இருபதடிக்கு இருபதடி, இரண்டடி ஆழம் வெட்டினோம். அங்கேயே கிடைக்கும் மண்ணைக் கொத்திப் போட்டால் போதாதா, காசு கொடுத்து மண் வாங்குவானேன் என்று கேட்டார்கள். நம் ஊர் மண் வண்டல் களி. நெல்லுக்கு அது தெய்வம், குஸ்திக்கு ஆகாது. ஈரமாக இருந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து ஓடு மாதிரி நிற்கும். முந்திய ஆண்டு அந்த மண்ணில் பழகித்தான் இரண்டு பிள்ளைகளுக்கு முழங்கால் பிசகியது. ஆகவே வல்லம் பக்கத்துச் செம்மண்ணை முறையான அனுமதிச் சீட்டோடு மூன்று டிராக்டர் இறக்கினேன். அதைச் சலித்து, கல் பொறுக்கி, மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் மோரும் விட்டு, வேப்பிலை உருவிப் போட்டு, ஒரு வாரம் புரட்டிப் புரட்டிப் பதப்படுத்தினோம். புரட்டியவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெரியவர்களில் யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இவ்வளவும் யாருக்காக என்றும் கேட்டார்கள். ஒரே ஆளுக்காகவா என்றார்கள். ஒரே ஆளுக்காக என்றாலும் செய்திருப்பேன். நம் தம்பியின் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உங்களுக்குத் தெரியும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். ஒரு மூட்டை 40 கிலோ. அறுவடை நேரத்தில் காலையில் தொடங்கினால் லாரி நிறையும் வரை ஓய்வில்லை. மூட்டை ஏறி ஏறிப் பிடரி உரமேறி, கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தொடை இரண்டும் புளிய மரத்து அடி மாதிரி. ஜிம்முக்குப் போய்க் கண்ணாடி பார்த்து வளர்த்த உடம்பு இல்லை. வேலை முடிந்து குளித்துவிட்டு ஆறரை மணிக்குக் கோதாவுக்கு வருவார். வந்ததும் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார். ஐந்நூறு பஸ்கி, இருநூறு தண்டால், அப்புறம் கர்லாக்கட்டை. சாப்பாடு காலையில் பழைய சோறு, இரவில் கொள்ளும் கேப்பங்கூழும்.

எந்தச் சம்மேளனப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை, ஒரு சான்றிதழும் கிடையாது. கோயில் திருவிழாவிலும், எங்காவது இரவில் விளக்குக் கட்டி நடத்தும் குஸ்தியிலும்தான் அவரைப் பார்க்க முடியும். நோட்டீஸ்கூட அடிக்க மாட்டார்கள். வாய்வழியாகச் செய்தி வரும், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். ஏழு வருஷமாகப் போகிறேன்.

அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறையூர்ச் சோழ இளவரசன் ஒருவன் நினைவுதான் வரும். போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தந்தை தித்தனோடு பகைத்து, நாடிழந்து, வேற்றூரில் கூழ் குடித்துக் கிடந்தவன் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். ஆமூர் மல்லனோடு அவன் போட்ட குஸ்தி புறநானூற்றில் இருக்கிறது. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, இன்னொரு காலால் முதுகுப் பக்கம் வளைத்து அவன் திமிறலைத் தடுத்த விதத்தைப் புலவர் சாத்தந்தையார் அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறார். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதைத் தித்தன் பார்க்கட்டும் என்கிறார். அதே கிள்ளியை நக்கண்ணையார் என்ற பெண் புலவரும் பாடியிருக்கிறார். கூழ் குடித்தும் பெருந்தோள் உடையவன் என் தலைவன் என்று. நம் காவிரிக்கரையில் ஒரு பயில்வானுக்குக் கிடைத்த முதல் ரசிகை அவர்தான் என்பது என் கருத்து. நம் சங்கத்தில் பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

மாசி மாதம் கொள்ளிடக் கரையில் நடந்த குஸ்திக்கு வருகிறேன். இதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். பதினெட்டுப் பேர் வருவதாகப் பெயர் கொடுத்தீர்கள். வேன் பிடித்தேன். ஏறியவர்கள் ஐந்து பேர். வாடகை முழுதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. தம்பியோடு மோதியவர் எப்படியும் இருபது கிலோ கூடுதல். முதல் பத்து நிமிடம் தம்பி வெறுமனே கையைத் தட்டிவிட்டுக்கொண்டே சுற்றினார். கூட்டம் கத்தியது. அவர் அவசரப்படவில்லை. எதிராளியின் மூச்சு வாய்வழியாக வரத் தொடங்கியதும் இடுப்புக்குக் கீழே புகுந்தார். மூட்டையைப் பிடரிக்கு ஏற்றுகிற அதே அசைவு! அத்தனை எடையும் மேலே போய்க் கீழே வந்தது. எதிராளியின் இரண்டு தோள்பட்டையும் மண்ணில் பட்டன. அந்த நொடியில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. விளக்கு வந்தபோது இருவரும் எழுந்து நின்றார்கள். விழாக் குழுவினர் சமன் என்று அறிவித்துப் பரிசைப் பாதியாகப் பிரித்துவிட்டார்கள். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிப் பணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எதிராளியின் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் துண்டால் தட்டிவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் அவர் தோற்றுப் போனதாகவே பேச்சு. பேசியவர்களில் வேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களும் உண்டு. நக்கண்ணையார் காலத்திலும் இதே கதைதான். வென்றான் என்கிறது ஒரு சாரார், இல்லை என்கிறது மறு சாரார். அந்த அம்மா பனைமரத்தடியில் நின்று அவன் வென்றதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நானும் கோதாவின் விளிம்பில், ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தோளும் பட்டன. தம்பி வென்றார். இதை இந்த அறிக்கையில் எழுதி வைக்கிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்தன. மண், எண்ணெய், வேன் வாடகை ஆகியவை முக்கியச் செலவுகள். குறைந்ததைப் பொருளாளரும் நானும் கைக்காசு போட்டுச் சமாளித்தோம். விவரம் வேண்டுபவர்கள் பொருளாளரிடம் நோட்டைப் பார்க்கலாம்.

உறுப்பினர்கள் 64 பேர். சந்தா கட்டியவர்கள் 27 பேர். ஆண்டுக்கு 300 ரூபாய். விவசாயம் செய்கிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. குறுவை போனது. நவம்பர் கடைசி மழையில் சம்பாவும் தண்ணீரில் நின்றது. அவர்களிடம் நான் கேட்கவில்லை, அடுத்த அறுவடைக்குக் கொடுக்கட்டும். ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களும் அந்த 37 பேரில் இருக்கிறார்கள். மூட்டை தூக்குகிற தம்பி தன் சந்தாவைச் சித்திரை மாதமே கட்டிவிட்டார். ரசீது எண் 1 அவருடையது.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். நமக்கு ஒரு மேட், அதாவது போட்டிகளில் போடுகிற மெத்தை விரிப்பு, வேண்டும். மண்ணில் முதுகு படும் வரை ஆட்டம் உண்டு. மேட்டில் மூன்று நிமிடம், முப்பது வினாடி இடைவெளி, இன்னொரு மூன்று நிமிடம், அதற்குள் தோள் படாவிட்டால் புள்ளிக் கணக்கு. மண்ணில் எவ்வளவு பெரிய ஆளானாலும் மேட் பழகாமல் மாவட்டப் போட்டிக்குப் போனால் தடுமாறிவிடுவார். மராட்டியத்தின் கே.டி. ஜாதவும் மண்ணில் வளர்ந்தவர்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பழகாத மேட்டில் ஆடி ஆறாவதாக வந்தார். 1952இல் ஹெல்சின்கிக்குப் போகப் பணமில்லை. ஊர்க்காரர்கள் வசூல் செய்தார்கள். அவர் படித்த கோலாப்பூர்க் கல்லூரியின் முன்னாள் முதல்வர் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அவர் கொண்டுவந்த வெண்கலம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். அர்ஜுனா விருது அவர் 1984இல் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. தம்பிக்கு இப்போது 26 வயது. மூட்டை தூக்குகிற முதுகு எத்தனை வருஷம் தாங்கும் என்று கொள்முதல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய மேட் ஒன்று குறைந்த விலைக்கு வருவதாகத் தகவல் இருக்கிறது. ஆடிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஆலை உரிமையாளர், ஒலிபெருக்கி கொடுத்தவர், டீ வாங்கி வந்த பிள்ளைகள், பொறுமையோடு வழிநடத்திய தலைவர் அய்யா, அனைவருக்கும் நன்றி.

ஆறு வருஷமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் இன்றைக்கே ஆலைச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். வருகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். கோதா மண்ணுக்குத் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குள் தண்ணீர் தெளித்து ஒருமுறை கொத்திவிட வேண்டும். தம்பி ஆறரைக்கு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
செயலாளர்