எங்களை யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகர்ப்புறங்களில் சமூகத் தோட்டங்கள் அமைப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். பெரும்பகுதியில் எனக்கு உடன்பாடே. ஆனால், ‘பொதுமக்களின் ஒத்துழைப்பின்மையால் இம்முயற்சிகள் சிறு நகரங்களில் நிலைப்பதில்லை’ என்ற வரி என்னை மூன்று நாட்களாக உறங்கவிடவில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவள் நான். சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட 2017-ஆம் ஆண்டில், எங்கள் தெருக்கோடியில் அவை மண்டிக் கிடந்த புறம்போக்கைப் பதினொரு வீட்டுப் பெண்கள் சேர்ந்து வெட்டித் திருத்தினோம். இங்கே கிணற்று நீர் உவர்ப்பு என்பதும், குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயையே நம்பியிருக்கிறோம் என்பதும் தாங்கள் அறியாததல்ல. அந்த நீரைச் செடிக்கு ஊற்ற எவருக்கும் மனம் வராது. ஆகவே அரிசி களைந்த நீரையும் காய் அலசிய நீரையும் குடங்களில் சேர்த்துச் சுமந்தோம். மேல்மண்ணில் பூத்திருந்த உப்பை ஐப்பசி மழை கீழே இறக்கிய பிறகே விதைத்தோம். கண்மாய் வண்டலும் ஆட்டுப்புழுக்கையும் இட்டோம். மீன் கழிவை வெல்லம் சேர்த்து ஊறவைத்து, நீரில் கலந்து ஊற்றினோம். ஆடு புகாமல் பழைய வலைகளை வேலியாகக் கட்டித் தந்தவர்கள் எங்கள் தெரு மீனவர்கள். முதல் ஆண்டில் கத்தரி கருகிப்போனது. முருங்கையும் அகத்தியும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் நிலைத்தன. மதுரையிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வரும் காய்களை விலை கேட்டுவிட்டுத் திரும்பிய வீடுகளில் அன்றாடம் கீரை வெந்தது. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நாங்கள் எட்டிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். அதை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தோம். இதற்குப் பெயர் ஒத்துழைப்பின்மையா, ஐயா?

நான்காம் ஆண்டில், ஒரு காலை, பொக்லைன் வந்து நின்றது. காய்த்துத் தொங்கிய முருங்கைகளைச் சாய்த்து, தரையெங்கும் சிமெண்டுக் கல் பதித்து, உடற்பயிற்சிக் கருவிகளை நட்டு, ‘பூங்கா’ என்று பலகை வைத்துப் பூட்டினார்கள். உப்புக்காற்றில் கருவிகள் துருவேறிவிட்டன. கதவு இன்றும் பூட்டியே கிடக்கிறது. என் மாமியார் தண்ணீர் சுமந்த ஊரணிக்கு வரத்துக்கால் அடைபட்டபோதும் ஊரை யாரும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் கொளுத்தும் வெயிலில் மரக்கன்று நட்டுப் படமெடுத்துச் சென்றவர்களும், மறுநாள் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று கேட்டதில்லை. 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில், வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைகள் தொடங்கியபோது நம்பிக்கையோடு மனு எழுதிக்கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்; பதில் வரவில்லை.

1990-களில் கியூபாவின் தலைநகரான ஹவானா நகரத்தார் காலி மனைகளில் காய்கறி விளைவித்ததைக் கட்டுரையாளர் வியந்திருக்கிறார். அந்த மனைகளைப் பயிரிடும் உரிமையை அரசே மக்களுக்கு அளித்தது என்பதையும் அவர் எழுதியிருக்க வேண்டும்.

தாங்கள் இக்கடிதத்தை வெளியிட்டு, உரியவர்கள் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன். பூங்காவின் சாவியை எங்கள் தெருவில் ஒருவரிடம் ஒப்படைக்கட்டும்; தெற்குச் சுவரோரம் இரண்டு வரிசைக் கற்களை மட்டும் பெயர்த்துக்கொள்ள அனுமதிக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் மண் திறந்துவிட்டால், கார்த்திகையில் விதைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்