அடிக்கட்டை வரை உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

சிகிச்சை நிதிக்கான பரிசுக் குலுக்கல் நல்லபடியாக முடிந்தது. சேர்ந்த தொகையை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கு தனியாக வரும். இந்த மடல் நன்றி சொல்ல மட்டும்.

முதல் நன்றி, அனுமதிக்காக அலைந்தவருக்கு. நல்ல காரியம்தானே என்று நாங்கள் பாட்டுக்குச் சீட்டு அடிக்கக் கிளம்பியிருந்தோம். பணம் வாங்கிக் குலுக்கல் நடத்தப் பல இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் நடத்தவே கூடாது என்று சொல்லித் தடுத்தவர் அவர்தான். கடிதம் கைக்கு வந்த பிறகே அச்சகப் படி ஏறினோம்.

அச்சகத்தில் நான் பளபளப்புத் தாள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "அடிக்கட்டையில் பேரும் போன் நம்பரும் எழுத வேண்டாமா? இதில் பேனா ஓடாதுங்க" என்றார் அங்கிருந்த பெரியவர். (சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்திலேயே தங்கும் துண்டுதான் அடிக்கட்டை.) சரி என்று, பின்பக்கம் எண் தெரியாத கனத்தில் சாதாரணத் தாளுக்கு மாறினோம். 100 புத்தகம், புத்தகத்துக்கு 20 சீட்டு. கிழிக்கும் இடத்தில் துளைக்கோடு அத்தனை சுத்தம். ஒரு சீட்டுகூடக் கோணலாகக் கிழியவில்லை.

ப்ரூஃப் பார்த்த கல்லூரி மாணவிக்குத் தனி நன்றி. பெரியவர்கள் நான்கு பேர் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தோம். எண் சீட்டில் இருக்கிறது, அடிக்கட்டையில் இல்லை என்பது அவள் கண்ணுக்குத்தான் பட்டது. குலுக்கலில் போடுவதே அடிக்கட்டையைத்தான்! அப்படியே அடித்திருந்தால் 2,000 வெற்றுத் துண்டுகளைக் குலுக்கியிருப்போம். (அச்சகத்தின் மேல் தப்பில்லை, மாதிரி வரைந்து கொடுத்தவன் நான்.)

வீடு வீடாக ஏறி விற்றவர்களே, உங்களுக்கு எப்படிச் சொல்வது? 37ஆம் புத்தகத்தை வாங்கிப்போன தம்பி மழையில் மாட்டிக்கொண்டான். அச்சடித்த 721 முதல் 740 வரை எண்கள் அப்படியே இருந்தன. ஜெல் பேனாவில் எழுதிய பெயர்கள்தான் நீலக் கறையாகிவிட்டன. யாரும் கேட்காமலே வாங்கிய இருபது பேரையும் மறுபடி தேடிப்போய் எழுதி வாங்கி வந்தான். விற்காத புத்தகங்களை நேரத்துக்குத் திருப்பித் தந்தவர்களும் நன்றிக்கு உரியவர்கள். அவற்றை எண்ணித் தனியே கட்டிவைத்ததால், விற்ற சீட்டுகளின் அடிக்கட்டைகள் மட்டுமே டிரம்முக்குள் போயின.

பரிசுப் பொருள் கொடுத்தவர்கள் பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்கள் விருப்பம்.

அப்புறம் ஒன்று. மூன்றாம் பரிசு இன்னும் எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அடிக்கட்டையில் எழுதியிருக்கும் போன் நம்பரில் ஓர் இலக்கம் குறைகிறது, பெயரும் வெறும் முதலெழுத்துதான். சீட்டு எண் 1268. சட்டைப்பை, கைப்பை எல்லாவற்றையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

அன்புடன்,
குலுக்கல் குழுவினர் சார்பில்