கணக்கில் வந்த 900 டாலர்

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். கல்லூரியிலிருந்து உன் வங்கிக் கணக்கில் 900 டாலர் வந்திருப்பதாகவும், அதைக்கொண்டு புதிய மடிக்கணினி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பணம் கல்லூரி உனக்குத் தந்த பரிசு அன்று; உன் பெயரில் வாங்கிய கடனில், கல்லூரிக்குச் சேர வேண்டியது போக மிஞ்சிய தொகை.

நாம் நிரப்பிய ஃபாஃப்சா, அதாவது அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பப் படிவம், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கைத்தான் பார்க்கிறது. அதிலிருந்து, படிப்புக்கு நம் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று காட்டும் ஓர் எண்ணை அரசு கணக்கிட்டுக் கல்லூரிக்கு அனுப்புகிறது. ஓராண்டுக்கான மொத்தச் செலவிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவதே நம் தேவை என்று கல்லூரி எடுத்துக்கொள்கிறது. அந்தத் தேவை முழுவதையும் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

அதன் பிறகு கல்லூரியிலிருந்து வந்த நிதியுதவிக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார். அரசு தரும் பெல் மானியம், கல்லூரியின் ஸ்காலர்ஷிப், வளாகத்தில் வேலை செய்து ஈட்ட வேண்டிய தொகை, கடன் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டி, எல்லாமே உதவி என்பதுபோல் காட்டியிருப்பார்கள். முதல் இரண்டையும் திருப்பித் தர வேண்டாம். மூன்றாவது, நீ உழைத்த பிறகே சம்பளமாக வரும். கடைசி வரி மட்டும் படிப்பு முடிந்த பின்னும் உன்னோடு வரும். பெற்றோர் பெயரில் பிளஸ் என்ற அரசுக் கடன் வாங்கலாம் என்று அதே பட்டியலில் இருந்ததை நானும் அப்பாவும் ஏற்கவில்லை.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவர் அரசிடம் 5,500 டாலர் வரை கடன் பெறலாம். அதில் அதிகபட்சம் 3,500 டாலர்தான் சப்சிடைஸ்டு, அதாவது வட்டிச் சலுகை உள்ள கடன். அந்தப் பகுதிக்கு, நீ குறைந்தது பாதிநேர மாணவியாகப் படிக்கும் வரை வட்டியை அரசே ஏற்கிறது. அந்தச் சலுகை இல்லாத எஞ்சிய அன்சப்சிடைஸ்டு கடனுக்கு, பணம் கல்லூரிக்கு வந்த நாளிலிருந்தே உன் பெயரில் வட்டி ஏறுகிறது. வகுப்பில் நீ பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்திலும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பது என் மனத்தை உறுத்துகிறது. மேலும், தொடக்கக் கட்டணமாகச் சுமார் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடனைத் தருகிறார்கள். கைக்கு வராத அந்தப் பணத்தையும் சேர்த்தே திருப்பிக் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பணம் முதலில் கல்லூரியில் உன் கணக்குக்குப் போகும். கல்விக் கட்டணம், விடுதி, உணவு ஆகியவற்றுக்குக் கழித்தது போக மிஞ்சியதை 14 நாட்களுக்குள் உனக்குத் தந்துவிட வேண்டும் என்பது விதி. உனக்கு வந்த 900 அதுதான்.

இதில் 300 டாலரைப் பாடப்புத்தகங்களுக்கு வைத்துக்கொள். உன்னுடைய கணினி இன்னும் நன்றாகத்தான் உழைக்கிறது. மீதி 600 டாலரைத் திருப்பிவிடு. பணம் வழங்கப்பட்ட 120 நாட்களுக்குள் திருப்பினால், அந்தத் தொகைக்கான வட்டியும் கட்டணமும் நீங்கிவிடும். நிதியுதவி அலுவலகத்தில், அன்சப்சிடைஸ்டு கடனிலிருந்து குறைக்கும்படி குறிப்பிட்டுக் கேள்.

படிப்பை முடித்தாலும், இடையில் விட்டாலும், பாதிநேரத்துக்கும் கீழே பாடங்களைக் குறைத்தாலும், அன்றிலிருந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கிவிடும். அப்போது சம்பளம் குறைவாக இருந்தால், வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பேசாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து. 270 நாட்கள் கட்டாமல் போனால் கடன் தவறியதாக அறிவிக்கப்படும். பருவத்தில் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால், பெற்ற உதவியில் ஒரு பகுதி அரசுக்குத் திரும்பிப் போய், அந்தத் தொகையைக் கல்லூரி உன்னிடமே கேட்கக்கூடும். ஏதாவது பாடம் கடினமாக இருந்தால் விலகுவதற்கு முன் எங்களிடம் சொல்.

அடுத்த ஆண்டு தம்பியும் கல்லூரியில் சேருகிறான். முன்பெல்லாம் ஒரே வீட்டில் இருவர் படித்தால் குடும்பத்தின் பங்கை இருவருக்கும் பிரித்துக் கணக்கிட்டார்கள். 2024-25 முதல் அந்தச் சலுகை இல்லை. அப்பாவின் வேலை நேரம் குறைந்திருப்பதும் அந்தப் பழைய வரிக் கணக்கில் தெரியாது. வருமானம் குறைந்ததற்கான சான்றைக் காட்டி மறுபரிசீலனை கேட்க வழி இருக்கிறது. 600 டாலரைத் திருப்பப் போகும்போதே, அந்த மறுபரிசீலனைக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று விசாரித்து எழுது. இங்கிருந்து நான் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா