நெதர்லாந்தின் ஸ்கீடமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. ‘என்ன வேலை செய்கிறாய் என்று ஒருநாளும் சொல்லவில்லையே’ என்று அப்பா எழுதியதை வாசித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. பிந்தியதற்கு மன்னியுங்கள்.

அம்மா, சாப்பாட்டுக்குக் குறையில்லை. மத்தியானம் இங்கே எல்லாருக்கும் பாணும் சீஸும்தான். பக்கத்து வீட்டு ஆச்சி என்ன குளிரானாலும் சனிக்கிழமை தவறாமல் ஜன்னல் கழுவுவார். போன கிழமை ஒரு சட்டி பட்டாணி சூப் கொண்டுவந்து, நடுவில் கரண்டியை நட்டுக் காட்டினார். கரண்டி சாயாமல் நின்றால்தான் அது சூப்பாம். மிளகாய்த்தூள் போட்டு இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன். ஹீட்டரைக் குறைத்தே வைக்கிறேன், அதுதான் உடம்புக்கு நல்லது.

அப்பா, கொழும்புத் துறைமுகத்து ஜயா முனையத்தில் நீங்கள் கிரேனில் தூக்கிய நாற்பதடிக் கொள்கலன், முட்ட நிறைத்தாலும் 30 தொன் சொச்சம். 2019இல் ஸ்லைப்னிர் என்ற கிரேன் கப்பல் மத்தியதரைக் கடலில் தன் இரண்டு கிரேன்களையும் சேர்த்து, கடலில் எரிவாயு எடுக்கிற மேடையின் 15,300 தொன் பகுதியை ஒரே தூக்கில் தூக்கி வைத்தது. கிரேன் ஒவ்வொன்றும் 10,000 தொன் தூக்கும். அவை இந்த ஊர் ஹூயிஸ்மன் கம்பனியின் கிரேன்கள். நான் இருப்பது அங்கே இல்லை, ஒரு சின்னக் கயிற்றுச் சோதனைக்கூடத்தில்.

எங்கள் தலையிடி ஆழம். 3,000 மீற்றர் கீழே ஒரு பொருளை இறக்க, 10 சென்ரிமீற்றர் தடிப்புள்ள இரும்புக் கயிறு விட்டால் கயிறே நூறு தொன்னுக்கு மேல் நிறை. அந்தக் கயிறு தாங்கக்கூடிய நிறையில் பெரிய பங்கை அதன் சொந்த நிறையே தின்றுவிடும். அதனால் தண்ணீரில் மிதக்கிற செயற்கை நார்க் கயிறு. ஆனால் கடலில் கப்பல் ஏறி இறங்கும். கப்பல் இரண்டு மீற்றர் எழும்பினால் கயிறு சுற்றுகிற வின்ச் இரண்டு மீற்றர் விடும், இறங்கினால் சுற்றிக்கொள்ளும். கீழே பொருள் அசையாது. அப்போது ஒரே துண்டுக் கயிறுதான் கப்பியில் முன்னும் பின்னும் வளைந்து வளைந்து உள்ளே சூடேறும். நாருக்குச் சூடு ஆகாது, பலம் போய்விடும். நான் தண்ணீர் தெளித்து, சூடு பார்த்து, எத்தனை வளைவில் இழை தேய்கிறது என்று எழுதுகிறேன். தேய்ந்த இடம் கண்ணாடிபோல் மினுங்கும். விரல் வைத்தாலே தெரியும்.

‘லொறிக்காரனுக்குப் பெட்டி ஏறினதே தெரியக்கூடாது’ என்பீர்களே, அது தினமும் ஞாபகம் வருகிறது. இங்கே கடலடியில் வைக்கிறபோதும் அதேதான் கேட்கிறார்கள்.

இரவில் மாஸ் ஆற்றில் கப்பல் ஊதும். நித்திரையில் அது கொட்டாஞ்சேனை என்றே எழும்புகிறேன். நீங்கள் இரவு வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்துகிற சத்தத்துக்காகப் படுத்தபடி காத்திருப்பேன். பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும்.

சரி, தங்கச்சி விஷயம். மாப்பிள்ளை வீட்டார் சித்திரைக்குள் கலியாண எழுத்து வைக்கக் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள், நல்ல பிள்ளை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் மட்டும் இப்போது வேண்டாம். இந்த மாதம் காசு கொஞ்சம் குறைத்து அனுப்பினேன், அடுத்த மாதம் சேர்த்து வரும், யோசிக்க வேண்டாம். வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பெரியப்பா கேட்டாலும் கொடுக்காதீர்கள். அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியிலேயே இருக்கட்டும்.

அப்பாவின் கண் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். திகதி கிடைத்ததும் தங்கச்சியை எனக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகன்,
ரவி