லில்லியன் கார்ட்டர் அம்மாவுக்கு, உங்கள் ஊரைப் பற்றி

அன்புள்ள லில்லியன் அம்மா,

68 வயதில், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு உட்கார வேண்டிய காலத்தில், நர்ஸாக மும்பை விக்ரோலிக்கு வந்து சேர்ந்தவர் நீங்கள். எங்கள் நாட்டைப் பற்றி வீட்டுக்கு அத்தனை கடிதம் எழுதினீர்களே, உங்கள் ஊரைப் பற்றி இங்கிருந்து ஒருவன் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், சம்டர் கவுண்டி, பிளெயின்ஸ். 2020 கணக்கெடுப்பில் 573 பேர். எங்கள் விழுப்புரம் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் இதைவிட அதிக இலை விழும். முதலில் சற்றுத் தள்ளி 'பிளெயின்ஸ் ஆஃப் டூரா' என்று இருந்த குடியிருப்பாம். 1880-களில் ரயில் வந்ததும் ஊரே தண்டவாளத்தை ஒட்டி நகர்ந்துகொண்டது, பெயரும் சுருங்கியது. செம்மண், பருத்தி, அப்புறம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. மல்லாட்டையை அவித்துத் தெருவில் விற்ற உங்கள் மகன் ஜிம்மி கார்ட்டர் நாட்டின் அதிபரானதுதான் ஊரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. 1888-இல் கட்டிய ரயில் நிலையம் 1976 தேர்தலில் பிரசார அலுவலகமானது. அங்கே ஆடும் நாற்காலியில் நீங்கள், வந்தவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு. உங்கள் இளைய மகன் பில்லியின் பெட்ரோல் பங்கில் பீரும் நிருபர் கூட்டமும்.

நல்ல கதைதான். ஆனால் எனக்கு உங்கள் ஊர் பிடிபட்டது வேறோர் இடத்தில்.

உங்கள் கணவர் ஏர்ல் நிறப்பிரிவினையை நம்பியவர். அதே வீட்டிலிருந்து நீங்கள் கறுப்பின மக்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்வந்தீர்கள். 1953-இல் ஏர்ல் இறந்தபின் ஜிம்மி கடற்படை வேலையை விட்டுத் திரும்பி, குடும்பத்தின் மல்லாட்டைத் தொழிலைக் கையில் எடுத்தார். மறு ஆண்டே வறட்சி, லாபம் 200 டாலரைத் தொடவில்லை. இந்த நிலையில்தான் நிறப்பிரிவினையைக் காக்கக் கிளம்பிய வெள்ளையர் மன்றத்தில் அவரைச் சேரச் சொன்னார்கள். சந்தா ஐந்து டாலர், அதையும் நாங்களே கட்டுகிறோம் என்றார்கள். அவர் சேரவில்லை. கொஞ்ச காலம் உங்கள் கிடங்குக்கு வாடிக்கையாளர்கள் வரவில்லை. பக்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்த கொய்னோனியா பண்ணைக்கு வந்தது இன்னும் பெரிய சோதனை. 1942-இல் தொடங்கிய பண்ணை அது. 1950-களில் அவர்களுடைய சாலையோரக் கடையில் குண்டு வைத்தார்கள். உள்ளூரில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளாததால், பீக்கன் கொட்டைகளைத் தபாலில் வெளியூருக்கு அனுப்பிப் பிழைத்தார்கள்.

ஜிம்மியையும் சும்மா விடக் கூடாது. 1955 முதல் கவுண்டியின் பள்ளிக் குழுவில் இருந்தார். வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் உட்கார வைக்க அவர் முனையவில்லை. சின்ன ஊரில் துணிச்சலும் தவணை முறையில்தான் வருகிறது போலும்.

1965-இல் பிளெயின்ஸ் பாப்டிஸ்ட் சபையில் ஓட்டெடுப்பு. கறுப்பினத்தவரை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்பது தீர்மானம். எதிர்த்தவர்கள் ஆறு பேர், அதில் ஐந்து பேர் உங்கள் குடும்பம். பலர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உறைப்பது அவர்கள்தான். மறுநாள் காலையில் உரம் வாங்கவும் விதை வாங்கவும் அதே தெருவில்தானே எல்லோரும் முகம் பார்க்க வேண்டும்? உங்கள் ஐந்து பேரைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஒரு குடும்பமாகச் சேர்ந்து நின்றீர்கள். வீட்டுப் பலம் எதுவும் இல்லாமல் உங்களோடு நின்ற அந்த ஆறாவது ஆளைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1976 தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, ஒரு கறுப்பினப் போதகர் உறுப்பினராக வந்தபோது வழிபாட்டையே ரத்து செய்தார்கள். உலகப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டிருந்தன. நவம்பரில் தடை நீங்கியது. பூசல் நீங்கவில்லை. 1977-இல் சபை உடைந்து மரனாதா சபை பிறந்தது.

நீங்கள் 1983-இல் போய்விட்டீர்கள். அதன் பின் பல பத்தாண்டுகள் ஜிம்மி மரனாதாவில் ஞாயிறு வகுப்பு எடுத்தார். அதைக் கேட்க வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயதில் இறந்தார். 1961-இல் கட்டிய வீட்டு வளாகத்திலேயே மனைவி ரோசலின் பக்கத்தில் அடக்கம்.

ஊர் பார்க்கப் போகிறவர்கள் மரனாதாவுக்குப் போகிறார்கள், சிரிக்கும் மல்லாட்டைச் சிலை முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சபையின் வாசலிலும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓட்டெடுப்பு நடந்தது அந்தச் சபையில்தான்.

அன்புடன்,
விழுப்புரத்திலிருந்து ஒருவன்