பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றி ஏன் அனுப்ப மாட்டோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் நம் சேலத்துக் கார்கள் பல கொல்லிமலைப் பக்கம் திரும்பும். போன வாரம் ஒரு சாயங்காலம், பல வருடமாக நம் பட்டறைக்கு வரும் அண்ணன் ஒருவர் வந்தார். “தம்பி, சிவப்பு லைட் எரியுது. கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்தி விடு, விடியக்காலை குடும்பத்தோட மலைக்குக் கிளம்பணும்” என்றார். ஊற்ற மாட்டோம், வீலைக் கழற்றிப் பார்க்கணும் என்றோம். முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நிமிட வேலைக்கு இவ்வளவு பிகுவா என்று நினைத்திருப்பார். இதே வருத்தம் இன்னும் சிலருக்கும் இருப்பதால்தான் இந்த மடல்.

என்ஜின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரிந்து குறையலாம். பிரேக் ஆயில் அப்படியில்லை. மூடிய குழாய்க்குள் அடைபட்டுக் கிடப்பது. அது குறைந்தால் காரணம் இரண்டில் ஒன்று. முன் வீலில் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், ஆயில் டப்பாவில் மட்டம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். இது கோளாறே இல்லை. இதற்கு ஆயில் ஊற்றினால், புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவோம் அல்லவா, அப்போது டப்பா நிரம்பி வழியும். வழிந்த ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். இன்னொரு காரணம் லீக். இரண்டில் எது என்று ஊற்றிப் பார்த்தால் தெரியாது, பேட்டின் கனத்தைப் பார்த்தால் தெரியும்.

அண்ணன் காரில் பேட் நன்றாகவே இருந்தது. பின்பக்கம் இடது டயரின் உள்சுவரில் மட்டும் ஒரு ஈரக்கோடு. அதன் மேல் புழுதி ஒட்டிக் களிம்பு மாதிரி ஆகியிருந்தது. பின் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைத் தட்டி எடுத்து, உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கியதும் ஆயில் சொட்டியது. டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் பிரேக் ஷூவின் ஒரு பாதி ஊறிக் கறுத்திருந்தது. அண்ணன் கேட்டார்: “பிரேக் நல்லாத்தானே பிடிச்சுது?”

பிடிக்கும். அதுதான் வம்பு. இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிப் பாதையாக ஓடுகிறது. பெரும்பாலான சின்னக் கார்களில் ஒரு முன் வீலும் எதிர்மூலைப் பின் வீலும் ஒரு ஜோடி. ஒரு பாதை செத்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும்; ஆனால் பெடல் கீழே இறங்கும், வண்டி தள்ளிப்போய் நிற்கும். ஊருக்குள் முப்பதில் போகும்போது இது உறைக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில், இறக்கத்தில், உறைக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ராத்திரி காரை நிறுத்தும்போது அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். என்ஜின் பக்கம் தெளிந்த தண்ணீர் சொட்டியிருந்தால் அனேகமாக ஏ.சி. தண்ணீர், விடுங்கள். பச்சையோ சிவப்போ சாயத் தண்ணீர் என்றால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். வீலுக்கு நேராகவோ பெடலுக்குக் கீழேயோ, தேன் நிறத்திலோ பழுப்பாகவோ, விரலில் வழுக்கி, தண்ணீர் ஊற்றினால் கரைந்து போகிறதா? அது பிரேக் ஆயில். என்ஜின் ஆயில் தண்ணீரில் கரையாது. பார்த்த பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று பெடல். என்ஜினை அணைத்து, நாலைந்து முறை மிதித்துவிட்டு, அப்படியே அழுத்திப் பிடியுங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே ரப்பர் தேய்ந்து ஆயில் பின்வாங்குகிறது. பிடித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே இறங்கும். அது நம் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டாம்.

நாங்களும் ஏமாந்திருக்கிறோம். சில வருடம் முன் ஒரு காரில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு வீலும் காய்ந்த விறகு மாதிரி. குழாய், ஹோஸ், கிளட்ச் எல்லாம் பார்த்தோம் (சில வண்டிகளில் கிளட்ச்சும் இதே டப்பாவில் இருந்துதான் குடிக்கும்). “ஒன்றுமில்லை” என்று அனுப்பி, இரண்டாவது முறை வந்தபோதுதான் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து கழற்றினோம். பின் ரப்பர் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் இறங்கியிருந்தது, வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. அந்தக் கூலியை நாங்கள் வாங்கவில்லை.

இனி பில் விஷயம். “ரப்பர் கிட் மட்டும் போடக் கூடாதா?” என்று கேட்பீர்கள். சிலிண்டருக்குள் துருப்பிடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் புது ரப்பரையும் அது சில மாதத்தில் அறுத்துவிடும். அதனால் முழு சிலிண்டரையே மாற்றுகிறோம். ஊறிய ஷூவை உப்புத்தாளால் தேய்த்தோ பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியோ தரச் சொல்கிறவர்களும் உண்டு. மாட்டோம். உள்ளே இறங்கிய ஆயில், சூடேறும்போது மறுபடி கசியும். ஒரு பக்கம் மட்டும் புது ஷூ போட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். எனவே இரண்டு பக்கமும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த இரும்புக் குழாய்க்குப் பற்றவைப்பு கிடையாது. டயரில் இருக்கும் காற்றழுத்தம் 30, 35 பி.எஸ்.ஐ.; ஓங்கி மிதிக்கும்போது பிரேக் குழாயில் ஆயிரத்தைத் தாண்டும். ஹோஸ் மாற்றினால் செம்பு வாஷரும் புதுசு. பத்து இருபது ரூபாய்ச் சாமானில் மிச்சம் பிடிப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாகக் காற்று எடுப்பது. குழாயைத் திறந்தால் காற்று புகும். காற்று அமுங்கும், பெடல் பஞ்சாகும். வண்டிக்குச் சொன்ன வரிசையில் ஒவ்வொரு வீலாக எடுக்க வேண்டும். வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளுக்குக் கம்ப்யூட்டர் ஸ்கேனரும் வைக்கணும், நேரம் கூடும். பாட்டிலை உங்கள் கண் முன்னாலேயே திறப்போம். திறந்து வைத்த பழைய பாட்டிலை நாங்கள் தொடுவதில்லை, ஏனென்றால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். பாட்டிலில் டாட் 3 என்று போட்ட தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்தக் குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் கொதித்து ஆவியானால், லீக்கே இல்லாமல் பெடல் தரைக்குப் போகும். லீக் இல்லாதவர்களும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால், “பட்டறை வரைக்கும் மெதுவா வந்துடலாம்” என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், கட்டி இழுத்து வருகிறோம்.

அண்ணன் மலைக்கு ஒரு நாள் தாமதமாகக் கிளம்பினார். கழற்றிய சிலிண்டரையும் ஷூவையும் கவரில் போட்டு அவர் டிக்கியில் வைத்திருக்கிறோம். உங்கள் வண்டியில் எதை மாற்றினாலும் அப்படியே பழையதைத் தருவோம், பிரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டறை நண்பர்கள்
சேலம்