பார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். தம்பியின் திருமண வரவேற்பு நல்லபடியாக முடிந்தது. மண்டபம், மேடை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆள் வைத்தோம். அவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. விருந்தினருக்குப் பானம் ஊற்றித் தரும் பார் மேசையின் அலங்காரத்துக்கு மட்டும் ஆள் வைக்கவில்லை. அலங்காரக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மா பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "நாமே செய்துகொள்ளலாம்" என்று நான் வாய்விட்டதும், அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டியதும் உங்களுக்குத் தெரியும்.

வரவேற்பில் நிறையப் பேர் இரண்டு கேள்வி கேட்டார்கள்: எவ்வளவு ஆனது, யார் செய்தது? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். காசாகப் பார்த்தால் ரொம்பக் குறைவு. இரண்டாவதற்குத்தான் நின்ற இடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. செலவு குறைந்ததற்குக் காரணமே அந்த நீளமான பதில்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, அதுவரை எங்களில் யாருக்கும் பழக்கமே இல்லாத பார்டெண்டர் அண்ணனுக்கு. மேசையின் முன்பக்கம் முழுக்கக் காகிதப் பூ ஒட்டலாம் என்று நாங்கள் படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினோம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "கூட்டம் வந்து முன்னால் நின்றதும் இடுப்புக்குக் கீழே இருப்பது யார் கண்ணிலும் படாது. தலைக்கு மேலே செய்யுங்கள். மேசையில் இரண்டு ஓரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவை எனக்கு விட்டுவிடுங்கள்" என்றார். பாதி வேலை அந்த நிமிடமே குறைந்துவிட்டது. அலங்காரம் பற்றி யோசிக்கிற எவரும் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கப்போகிறவரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது. அவருக்குக் கிளாஸ் வைக்க, ஊற்ற, துடைக்க இடம் வேண்டும். எங்கள் அழகான ஜாடியை அவர் முதல் பத்து நிமிடத்தில் தூக்கிக் கீழே வைத்துவிட்டால் யாருக்கு என்ன லாபம்?

மேசை விரிப்பிலும் அவர் சொன்னதுதான் கைகொடுத்தது. 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் உள்ள மேசைக்கு நான்கு பக்கமும் தரை தொடும்படி துணி போட வேண்டுமானால் 330-க்கு 225 செ.மீ. வேண்டும். பின்பக்கம் அவருடைய பக்கம். ஐஸ் பெட்டியும் குப்பைக் கூடையும் அங்கேதான் இருக்கும், திறந்தே இருக்கட்டும் என்றார். அப்படியானால் 330-க்கு 150 போதும். சித்தி தன் வீட்டுப் பழைய திரைச்சீலைகளை எடுத்துப் பிரித்து, வெளுத்த பகுதியெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அந்த அளவுக்கு ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். தையல் எங்கே விழுந்திருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சித்தி, அந்த விரிப்பைத் துவைத்து வைத்திருக்கிறேன். அது இனி திரைச்சீலையாகத் திரும்பாது என்பதற்கு மட்டும் மன்னிக்கவும்.

காலி பாட்டில்களுக்கு வருகிறேன். இதில் பக்கத்து வீட்டு அக்காவின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. பாட்டிலில் லேபிளைச் சுரண்டி எடுப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். அக்கா சுரண்டவே விடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்து பாட்டில்களை ஊறப் போட்டார். காகித லேபிள்கள் தாமாகவே வழுக்கிக்கொண்டு வந்தன. ஸ்டிக்கர் வகைதான் அடம்பிடித்தது. தாள் வந்துவிடும், பிசுக்குத் தங்கிவிடும். அந்தப் பசை தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். சமையல் எண்ணெயும் சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி, அரைமணி நேரம் கழித்துத் துணியால் தேய்த்தார். கண்ணாடி பளிச்சென்று ஆனது. "இத்தோடு விட்டால் எதுவும் ஒட்டாது, எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவு" என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் சொன்னது நல்லதாகத்தான் போயிற்று.

பாட்டிலுக்குச் சணல் கயிறு சுற்றுவது என்று முடிவானதும் கணக்கு வாத்தியார் பெரியப்பா உள்ளே வந்தார். கயிறு எத்தனை உருண்டை வாங்குவது என்று நாங்கள் குத்துமதிப்பாகப் பேசிக்கொண்டிருக்க, அவர் பென்சிலை எடுத்தார். பாட்டிலின் குறுக்களவு 7.5 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 23.5 செ.மீ. கயிற்றின் கனம் 2 மி.மீ. பத்து செ.மீ. உயரத்துக்குச் சுற்ற 50 சுற்று. ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 12 மீட்டர். எல்லோரும் அடங்கிப்போனோம். "கழுத்துக்கு மட்டும் சுற்றுங்கள்" என்றார். கழுத்து 3 செ.மீ., ஐந்து செ.மீ. உயரத்துக்கு 25 சுற்று, இரண்டரை மீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டில் உடம்புக்கு ஆகிற கயிற்றில் ஐந்து பாட்டிலின் கழுத்து. பார்வைக்கும் அதுதான் நன்றாக இருந்தது, கண்ணாடி மறையாததால் உள்ளே போட்ட சின்ன பேட்டரி லைட் சரம் முழுசாகத் தெரிந்தது. பெரியப்பா, பள்ளிக்கூடத்தில் உங்களிடம் நான் கணக்கு கற்றுக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். இந்தக் கணக்கை மறக்க மாட்டேன்.

லைட் போடாத பாட்டில்களில் மணல் நிரப்பி வைக்கச் சொன்னதும் அவர்தான். வெற்று பாட்டில் முழங்கை பட்டாலே சாயும்.

இனி மாமாவின் தகர டப்பா விளக்குகள். வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டால் ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே நசுங்கும். மாமா டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டார். மறுநாள் உள்ளே முழு ஐஸ். பேப்பரில் புள்ளி வைத்து வரைந்த டிசைனை டப்பாமேல் சுற்றி டேப் போட்டு, மடித்த துண்டின்மேல் படுக்க வைத்து, புள்ளிக்குப் புள்ளி ஆணியை வைத்து ஒரே தட்டு. ஐஸ் உள்ளிருந்து தாங்கிக்கொள்வதால் தகரம் வளையவில்லை, ஓட்டை மட்டும் சுத்தமாக விழுந்தது. தண்ணீர் உறையும்போது விரிவதால் அடிப்பாகம் கொஞ்சம் புடைத்து டப்பா ஆடும். அதை மரச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்துவிட்டார். உட்புறம் பிசிறு கையைக் கிழிக்கும் என்று குழந்தைகளை அந்தப் பக்கமே விடவில்லை. உள்ளே வைத்தது பேட்டரி மெழுகுவத்தி. நிஜ மெழுகுவத்திதான் அழகு என்று வாதாடிய அத்தான் தோற்றுப்போனதில் எனக்கு வருத்தமே இல்லை. மேலே டிஷ்யூ பேப்பர் தொங்குகிறது, பக்கத்தில் மது, சுற்றிலும் கூட்டம். அங்கே நெருப்பு எதற்கு?

டிஷ்யூ பேப்பர் என்றதும் அத்தையும் அவர் திரட்டிய குட்டிப் பட்டாளமும். மேசைக்கு மேலே தொங்கவிடும் பூ உருண்டைகள் அவர்கள் வேலை. பெரிய தாளை அப்படியே மடித்தால் ஐம்பது செ.மீ. உருண்டை வரும், அது தலையில் இடிக்கும். அத்தை 50-க்கு 70 தாளை நான்காக வெட்டி, பத்துத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் மெல்லிய கம்பியால் கட்டி, இரண்டு முனையையும் வளைவாகக் கத்தரித்தார். அதுவரை எல்லோரும் செய்துவிடலாம். ஒவ்வொரு தாளாகப் பிரித்து நடுவை நோக்கி இழுத்து மலர்த்துவதுதான் பொறுமை. பெரியவர்கள் விரலில் தாள் கிழிந்தது. ஒன்பது வயதுக்காரர்கள் விரலில் கிழியவில்லை. தங்கங்களே, உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி. யார் அதிகம் செய்தார்கள் என்ற பஞ்சாயத்தில் நான் தலையிட மாட்டேன்.

முக்கோணத் தோரணத்தை வீட்டில் கிடந்த பிரவுன் ஷீட்டிலும், ஏ4 கலர் தாளிலும் வெட்டினோம். அடி 14 செ.மீ., உயரம் 20 செ.மீ. வைத்து, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று தலைகீழாகவும் வரைந்தால் ஒரு தாளில் மூன்று அடங்கும். வீணாவது ஓரம் மட்டுமே.

பானங்களின் பெயர்ப் பலகை எழுதிய தங்கைக்கு என்ன சொல்வது. புதுக் கரும்பலகையில் நேராக எழுதப்போன எங்கள் கையைத் தட்டிவிட்டு, சாக்பீஸைப் படுக்கப் போட்டுப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். அப்படிச் செய்யாவிட்டால் முதலில் எழுதியது அழித்தாலும் நிழலாக நின்றுவிடுமாம். பிறகு அச்செடுத்த எழுத்துத் தாளின் பின்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, பலகையில் ஒட்டி, மேலே பென்சிலால் ஓட்டினாள். கோடு பலகையில் இறங்கியது. மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் சிரமமில்லாமல் படிக்க எழுத்து இரண்டரை செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும் என்று அவள் வற்புறுத்தியதால் பட்டியலில் பாதியை நீக்க வேண்டி வந்தது. நல்லதாயிற்று. பத்துப் பதினைந்து பெயர் இருந்தால் ஆட்கள் பலகை முன்னாலேயே நின்றுவிடுவார்கள். மது தொடாதவர்களுக்கான பானங்களை மூலையில் பொடி எழுத்தில் போடாமல், அதே அளவில், முதலில் எழுதியதற்கு அவளுக்குத் தனி நன்றி. என் மாமியார் அதைக் கவனித்துச் சொன்னார்.

அச்சகத்தில் வேலை செய்யும் தம்பி இல்லாவிட்டால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டைகள் கந்தலாகியிருக்கும். வீட்டு இங்க்ஜெட்டில் மாதிரி ஒன்று அச்சடித்து அவனிடம் காட்டினோம். அவன் ஒன்றும் சொல்லாமல் ஐஸ் போட்ட கிளாஸை அதன்மேல் வைத்தான். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்து வழிய, கொஞ்ச நேரத்தில் மணமக்கள் பெயர் நீலக் கறையாக ஓடியது. லேசர் பிரிண்டில் இருப்பது உருக்கி ஒட்டிய பொடி, தண்ணீரில் கரையாது என்று சொல்லி, தடித்த அட்டையில் எடுத்துத் தந்தான். வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் கலக்கும் குச்சிகளுக்குக் கொடியாக்கிவிட்டான். கொடி குச்சியின் மேல்முனையோடு சரி, பசை பட்ட இடம் பானத்தில் முங்கக் கூடாது என்பதையும் அவனே பார்த்துக்கொண்டான்.

தோட்டத்துத் தாத்தா கூடை நிறையப் பூ கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு எச்சரிக்கையும். அவர் வேலியில் அரளி பூத்துக் கிடக்கிறது, பறிக்க ஆசையாகத்தான் இருக்கும்; அந்தச் செடி இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு, குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது என்று சொல்லிவிட்டார். பூவே என்றாலும் ஜாடியோடு இருக்கட்டும், கிளாஸ் விளிம்பில் வேண்டாம் என்றார். ஜிகினாத் தூளையும் அதே கணக்கில் சேர்த்து ஒதுக்கினோம். பறந்துபோய் எந்தக் கிளாஸில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

அன்று காலை ஏணி பிடித்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பில் உருண்டைகளை ஏற்ற இறக்கமாகக் கட்டித் தொங்கவிட்டவர்கள், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. கடைசி வகையினருக்குக் கொஞ்சம் குறைவாக.

கூட்டம் கலைந்த பிறகு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவர்களை நான் போட்டோவில் பிடிக்கவில்லை. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து லைட் சரங்களைச் சிக்கில்லாமல் அட்டையில் சுற்றிய மணப்பெண்ணின் தோழிகளே, உங்கள் பெயர் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. புதுப் பெண்ணிடம் கேட்டு நேரில் வந்து சொல்கிறேன்.

ஏணியும் குளூ கன்னும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. தகர விளக்குகளும், கழுத்துக்குக் கயிறு சுற்றிய பாட்டில்களும், கரும்பலகையும், சித்தி தைத்த விரிப்பும் என் வீட்டு மாடியில் இரண்டு பெட்டியில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். லைட்டுகளுக்குப் புது பேட்டரி மட்டும் போட்டுக்கொண்டால் போதும். டிஷ்யூ உருண்டைகளைக் கேட்காதீர்கள், அவற்றைச் செய்தவர்களே அன்றைக்கு இரவே பங்கு போட்டு எடுத்துப் போய்விட்டார்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளையின் அக்கா